முட்டைச் சக்கரத்து மாப்பிள்ளை

மருந்துப் போத்தலின் எழுத்தைக் கையை நீட்டித் தூரப் பிடித்துப் படிக்கும் வயதுக்கு வந்துவிட்ட என் சோட்டுக்காரர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். டிவிடி பெட்டியின் ரிமோட்டில், கீழ் மூலையில், ‘செட்டப்’ என்று ஒரு பொத்தான் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதை அமுக்கினால் நீலத் திரை வரும். அதில் எண்களும் எழுத்துகளுமாக நாலைந்து வரிகள் நிற்கும். பெரியவர்கள் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். நான் போனேன். போனதால் எங்கள் அத்தையின் கல்யாணப் பேச்சு நின்றது.

பதறாதீர்கள். அழ வைக்கிற கதை இல்லை இது. இன்றைக்கு என் மகன் கைப்பேசியை ஆட்டிக்கொண்டு வந்து, “அம்மா, இது ஃபோர்கே, அது வெறும் ஆயிரத்து எண்பது” என்று எனக்குப் பாடம் எடுக்கிறான். போடா, உன் அம்மா பதினாறுக்கு ஒன்பதால் ரோத்தான் பிரம்படிக்குப் பயந்து நடுங்கியவள் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கதைதான் இது.

அப்போது நாங்கள் ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். நான் பதினாலு வயதில் இரண்டாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. கோலா தெர்லாவில் கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு ஈப்போ மொத்தச் சந்தைக்கு இறங்கும் லாரியை ஓட்டினார். அம்மாவும் அத்தையும் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் இருந்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை, எங்களோடேயே இருந்தவர். சாயங்காலம் இருவரும் வீட்டுக்குள் நுழைந்தாலே வறுத்த இலை வாசனை முன்னால் வரும். அத்தையின் ஜடையை முகர்ந்து பார்த்தே இன்றைக்கு ஃபேக்டரியில் முதல் தரத் தூளா, குப்பைத் தூளா என்று சொல்லிவிடுவேன்.

சுற்றிலும் மலை. ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் செய்தி வாசிப்பவர் மூன்று பேராகத்தான் தெரிவார். ஆகவே எங்களுக்கு டிவி என்றால் தட்டுதான். முதலில் விசிடி. ஒரு படத்துக்கு இரண்டு தட்டு. கதாநாயகி அழ ஆரம்பிக்கும்போது முதல் தட்டு முடிந்துவிடும். சண்டைக் காட்சி வேகமாக ஓடினால் முகமெல்லாம் மைசூர்பாகு வெட்டியதுபோல் கட்டம் கட்டமாக உடையும். யார் யாரை அடிக்கிறார்கள் என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். அதற்கும் நாங்கள் குறை சொன்னதில்லை.

ஒரு நாள் அப்பா டவுனிலிருந்து டிவிடி பெட்டி வாங்கி வந்தார். கூடவே ஒரு புதுப்படம். இந்தத் தட்டில் கட்டம் விழாது, ஒரே தட்டில் முழுப் படமும் இருக்கும் என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். பெட்டியை டிவியோடு பூட்டி, தட்டைப் போட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். படம் வந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆனால் மேலே ஒரு சாண் கறுப்பு, கீழே ஒரு சாண் கறுப்பு. நடுவில் ஒடுங்கிய துண்டில்தான் படம் ஓடியது.

டிவியின் மேல் போட்டிருந்த பின்னல் துணிதான் நழுவி மறைக்கிறது என்று நினைத்து அம்மா எழுந்துபோய் அதைத் தூக்கினார். கறுப்பு போகவில்லை.

“என்ன லா இது! முழு டிவியில்ல வாங்கினேன், பாதிப் படத்தைக் காட்டுறான்? மேலயும் கீழயும் வெட்டித் திருடிட்டானுங்க,” என்று அப்பா குதித்தார்.

வெட்டியதெல்லாம் இல்லை, அகலத் திரைக்கு எடுத்த படத்தை ஓரம் போகாமல் சதுர டிவியில் காட்டினால் மேலும் கீழும் வெறுமையாகத்தான் நிற்கும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எங்கள் லைனில் யாருக்குத் தெரியும்? மூன்று நாள் அப்பா அந்தக் கறுப்புப் பட்டையைத் திட்டிக்கொண்டே படம் பார்த்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. நான் ரிமோட்டை எடுத்துக்கொண்டு செட்டப்புக்குள் புகுந்தேன். படத்தின் வடிவம் என்ற வரியில் மூன்று தேர்வுகள் இருந்தன. இரண்டில் நாலுக்கு மூன்று என்று போட்டிருந்தது. மூன்றாவதில் பதினாறுக்கு ஒன்பது. பதினாறு பெரிய எண். பெரியதுதானே நல்லதாக இருக்கும்? அமுக்கினேன்.

கறுப்புப் பட்டை சுருங்கி நூல்மாதிரி ஆகிவிட்டது. படம் டிவி முழுக்க நின்றது. அப்பா நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். “எம்மவ எஞ்சினியரு! பாத்தியா, பொத்தானைத் தட்டி ஒளிச்சு வச்சதை வெளிய கொண்டாந்துட்டா!” என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். எனக்கு அன்று இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தார்கள்.

படத்தில் எல்லாரும் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிந்தார்கள் என்பது உண்மைதான். “இந்தப் படத்துக்குன்னு உடம்பைக் குறைச்சிருக்காரு” என்று கதாநாயகனை அம்மா பாராட்டினார். வில்லனும் குறைத்திருந்தார். கதாநாயகியின் தாத்தாவும் குறைத்திருந்தார். எங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

இனி அத்தைக்கு வருகிறேன்.

அத்தைக்கு அப்போது இருபத்தொன்பது. குள்ளம், நல்ல பூசிய உடம்பு, சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். ஃபேக்டரியில் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் அத்தையைத்தான் தேடுவார்கள். ஆனால் பெண் பார்க்க வந்த மூன்று குடும்பமும் வேண்டாம் என்று போய்விட்டன. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மேலே வரும் ரோட்டை நீங்கள் அறிவீர்கள். வளைவுக்கு வளைவு குடலைப் பிரட்டும். வந்தவர்கள் அத்தனை பேரும் வழியெல்லாம் வாந்தி எடுத்து, பச்சை முகத்தோடு இறங்கி, அந்த எரிச்சலோடு அத்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார்கள். “இதுக்கா இவ்ளோ தூரம் மலை ஏறி வந்தோம்?” என்று மூன்றாவது வந்த அம்மாள் வாசலிலேயே, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். அத்தை சமையற்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இப்போது நினைத்தாலும் அந்த அம்மாள்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றைக்கு அத்தை அப்பாவிடம் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். “அண்ணே, இனிமே யாரும் என்னைப் பாக்கன்னு மலை ஏற வேணாம். படம் புடிச்சு அனுப்புங்க. அவங்களும் மாப்பிள்ளையைப் படம் புடிச்சு அனுப்பட்டும். ரெண்டு பக்கமும் பாத்துட்டுப் புடிச்சா அப்புறம் வந்து வாந்தி எடுக்கட்டும்.”

லைனில் இது பெரிய பேச்சாகிவிட்டது. பொண்ணு பார்க்கிறதுக்குத் தட்டா என்று சிரித்தார்கள். பிறகு பாருங்கள், அடுத்த வருஷத்துக்குள் தோட்டத்தில் நாலு வீட்டில் அதே வழக்கம் வந்துவிட்டது. மலை ரோட்டுக்குப் பயந்தவர்களுக்கு அது ரொம்ப வசதி.

டவுனில் கல்யாண வீடியோ எடுக்கும் வீடியோக்காரரை அப்பா கூட்டி வந்தார். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அத்தையை நிற்கவைத்து, நடக்கவைத்து, கோயில் மணியை அடிக்கவைத்துத் தன் பழைய கேமராவில் பத்து நிமிடம் எடுத்தார். முடிந்ததும், “விசிடியில போடவா, டிவிடியில போடவா?” என்று கேட்டார்.

“ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?” என்றார் அத்தை.

“எல்லாம் புள்ளிக் கணக்குதாம்மா. படம்ங்கிறதே புள்ளிப் புள்ளியாச் சேர்ந்ததுதான். விசிடியில புள்ளி கம்மி. டிவிடியில அதை மாதிரி நாலு மடங்கு. உங்க முகத்துல ஒரு பரு இருந்தாலும் காட்டிக் குடுத்துரும்.”

“அப்ப விசிடியே போதும்,” என்றார் அத்தை அவசரமாக.

அப்பா விடவில்லை. தெளிவாக இருக்கட்டும், ஒளிக்க என்ன இருக்கிறது என்று டிவிடியிலேயே போடச் சொன்னார். தட்டு தெலுக் இந்தானுக்குப் போனது. அங்கே லாரி பட்டறை வைத்திருக்கிற ஒருவருக்கு, அப்பாவின் லாரிக் கூட்டாளி சொன்ன இடம். பத்து நாளில் அங்கிருந்து ஒரு தட்டு வந்தது. மாப்பிள்ளையின் தம்பி புதிதாக ஒரு கேமரா வாங்கி, அதில் எடுத்தாராம். கூடவே, ‘எங்களுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, உங்கள் முடிவைச் சொல்லுங்கள்’ என்று ஒரு சீட்டும் இருந்தது.

“சும்மா மரியாதைக்கு எழுதியிருப்பாங்க,” என்றார் அத்தை. ஆனால் அன்று மல்லிகைப் பூ வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து, நாங்கள் நாலு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம்.

படம் வந்தது. முதலில் வீடு. ஒல்லியாக, நெட்டுக்குத்தலாக ஒரு வீடு.

“என்னங்க, வீடு இவ்ளோ ஒடுக்கமா இருக்கு? ஒரு ஆளு குறுக்கால படுக்க முடியாது போலயே,” என்றார் அம்மா.

வாசலில் ஒரு நாய். எலும்பும் தோலுமாக, கால் நீண்டு, ஆடு மாதிரி நின்றது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். “வீட்டு நாய்க்கே சோறு போடலை. நம்ம புள்ளைக்கு என்ன போடப் போறாங்க?”

அடுத்து மாப்பிள்ளையின் அம்மா வந்து கும்பிட்டார். நீண்ட முகம், குச்சிக் கை. “நோயாளி” என்று அப்பா முணுமுணுத்தார்.

பிறகு மாப்பிள்ளை. பட்டறை வாசலில் ஒரு லாரியின் ஓட்டுநர் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். அப்பப்பா, என்ன உயரம்! பாக்கு மரம். தோளில் சட்டை, கொடியில் காயப்போட்ட துணி மாதிரி. கேமராவைப் பார்த்துத் திருதிருவென்று விழித்துவிட்டு, “வணக்கம்ங்க. என்ன பேசறதுன்னு தெரியல. லாரியை வேணும்னா ஸ்டார்ட் பண்ணிக் காட்டவா?” என்றார். கேட்டதோடு நிற்காமல் ஏறி ஸ்டார்ட்டும் செய்துவிட்டார். புகை வந்தது. தம்பி இருமுவது கேட்டது. அத்தோடு படம் முடிந்தது.

அத்தை களுக்கென்று சிரித்தார். சிரித்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டு, எங்களைப் பார்க்காமல், “எனக்கு வேணாம்ணே” என்றார்.

அப்பாவும் அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களுக்கு ஒடுக்கமான வீடும் பட்டினி நாயும் போதுமானதாக இருந்தன. நான்தான் பின்னால் துணி துவைக்கும் இடத்துக்குப் போய்க் கேட்டேன்.

“ஆறடி இருப்பாரு பாப்பா,” என்றார் அத்தை, குழாயைத் திறந்துவிட்டு. “அவரு பக்கத்துல நான் நின்னா ஊரே சிரிக்கும். வாழ்க்கை முச்சூடும் சிரிப்பாங்க. எனக்குத் தெம்பு இல்லடி.” சொல்லிவிட்டு, ஏற்கெனவே துவைத்த துண்டை மறுபடி துவைத்தார்.

ஆனால் செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அத்தை காலை ஷிப்ட் முடிந்து தனியாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் குறைத்துவைத்து, “லாரியை வேணும்னா ஸ்டார்ட் பண்ணிக் காட்டவா?” என்ற இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ரிமோட்டை முந்தானைக்குள் மறைத்தார். பிறகு, “இந்த ஒரு தடவை பாத்துட்டு மூடிருவேன். நீயும் உக்காரு” என்றார். உட்கார்ந்தேன். மாப்பிள்ளையைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, நான் லாரியைப் பார்த்தேன். அப்பா ஓட்டுகிற அதே ரக லாரி. சக்கரம் மட்டும் ஏதோ மாதிரி இருந்தது. நன்றாகப் பார்த்தேன். வட்டமாக இல்லை. முட்டையை நிமிர்த்தி வைத்தது மாதிரி இருந்தது. முன் சக்கரமும் முட்டை, பின் சக்கரமும் முட்டை, சுவரில் சாய்த்துவைத்த பழைய டயர்களும் முட்டை.

லாரிச் சக்கரம் முட்டையாக இருக்க முடியாது. அப்படியானால் அமுங்கியிருப்பது படம். படம் அமுங்கியிருந்தால் அமுக்கியது யார்? பதினாறு பெரிய எண் என்று பொத்தானைத் தட்டிய எஞ்சினியர்தான்.

நடந்தது இவ்வளவுதான். மாப்பிள்ளையின் தம்பி எடுத்தது அகலப் படம். பதினாறுக்கு ஒன்பது என்று வைத்தால் பெட்டி என்ன செய்யும் தெரியுமா? எதிரே இருப்பது அகல டிவி என்று நம்பி, படத்தைப் பக்கவாட்டில் அமுக்கியே அனுப்பும். அகல டிவி அதை இழுத்து விரித்துக்கொள்ளும். எங்கள் சதுர டிவிக்கு விரிக்கத் தெரியாது. தைப்பூசத்துக்குப் போகிற பஸ்ஸில் நெருக்கி நிற்கிற மாதிரி எல்லாரும் அமுங்கியபடியே நின்றுவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு இவ்வளவு விளக்கமாகத் தெரியாது, அந்த வாரக் கடைசிக்குள் பொத்தான்களை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்துத்தான் பிடிபட்டது. அந்தப் பொத்தான்தான் காரணம் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை இத்தனை வருஷம் கழித்துச் சொல்லும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. சமையற்கட்டு நிலைமேல் ரோத்தான் இருந்தது. லைன் முழுக்க எஞ்சினியர் என்று பெயர் வேறு. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். புதன்கிழமை அப்பா சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு, அங்கிருந்தே தெலுக் இந்தானுக்கு ஃபோன் போட்டு, “மன்னிக்கணும், எங்க பக்கம் சரிவரலை” என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை அத்தை அந்தத் தட்டைப் பழைய தமிழ்ப் பேப்பரில் சுற்றினார். மூலை மடித்து, ஒட்டி, மறுபடி பிரித்து, உள்ளே தூசி இருக்கிறதா என்று தட்டை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி சுற்றினார். “அடுத்தவங்க பொருள், கீறல் விழாமத் திருப்பிக் குடுக்கணும்” என்றார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வாசலில் லாரி வந்து நின்ற சத்தம் கேட்டதும் ஓடினேன்.

அப்பா இன்னும் இறங்கக்கூட இல்லை. “பா, லாரி டயரு எப்பவாச்சும் முட்டையா இருக்குமா?” என்றேன்.

“முட்டையா இருந்தா லாரி எப்படிடி ஓடும்? கோஸு பூரா குதிச்சு ரோட்டுக்கு வந்துராது?”

“மாப்பிள்ளை லாரியில முட்டையா இருக்குப்பா. நான்தான் பா அப்படிப் பண்ணிட்டேன்.” அழுதுகொண்டே பொத்தான் கதை முழுவதையும் சொன்னேன்.

அப்பா சேற்றுக் காலணியோடு அப்படியே வீட்டுக்குள் வந்தார். அத்தையின் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார். தட்டு ஓடியது. லாரி வந்ததும் டிவிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். சினிமாவில் கதாநாயகன் இளைத்ததும், நாய் பட்டினி கிடந்ததும் அவர் கண்ணை உறுத்தவில்லை. டயர் உறுத்தியது. “அடக் கடவுளே,” என்றார். “மாத்து.”

நான் செட்டப்புக்குள் போய், முதலில் இருந்த நாலுக்கு மூன்றைத் தட்டினேன். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்து உட்கார்ந்தது. சக்கரங்கள் வட்டமாயின. வீடு விரிந்தது, இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த நல்ல வீடு. மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கன்னம் வந்தது.

“ஐயோ, நாய் கொழுகொழுன்னு இருக்கே!” என்று அம்மா கத்தினார். “பாவம், அந்த வீட்டைப் போயி என்னென்ன பேசிட்டேன்!”

மாப்பிள்ளை உருண்டை முகத்தோடு, தோள் நிறைந்த சட்டையோடு, லாரிக் கதவோரம் நின்றார். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரோத்தானை அப்பா எடுக்கவில்லை. நேராக வெளியே போனார். பிறகு வாசலிலிருந்து கூப்பிட்டார். “எல்லாம் இங்க வாங்க. அவரு தலை கதவுல எது வரைக்கும் வருது? கண்ணாடிக்குக் கீழ் விளிம்பு வரைக்கும். அதே லாரிதான் இது. எவன் பொய் சொன்னாலும் லாரி பொய் சொல்லாது.” தானே கதவோரம் நின்று பார்த்தார். அப்பாவின் தலை விளிம்பைத் தாண்டி நாலு விரல் மேலே போனது. “என்னைவிடக் குட்டை! ஆறடியாம் ஆறடி!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். மாப்பிள்ளையை லாரியால் அளந்த ஒரே குடும்பம் எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும்.

எல்லாரும் உள்ளே போன பிறகு அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். குழாய்ப் பக்கம் போகவில்லை. லாரிக் கதவோரம் முதுகை ஒட்டி நின்றார். உள்ளங்கையைத் தலைமேல் வைத்து, கதவில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து கண்ணாடி விளிம்பு வரைக்கும் விரலை விரித்து அளந்தார். ஒரு சாண். மறுபடியும் அளந்தார். அதே ஒரு சாண்தான். ஜன்னலோரம் நின்று பார்த்த எனக்குச் சந்தோஷம். பயமும் இருந்தது, வேண்டாம் என்று நேற்றே சொல்லியாகிவிட்டதே.

கோயில் வளைவில்தான் எங்களுக்கு ஃபோன் லைன் கிடைக்கும். அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். “கேட்டா நீதான் சொல்லணும்” என்று முன்கூட்டியே மிரட்டினார்.

“வணக்கம்ங்க. நேத்து சரிவரலைன்னு சொன்னது நான்தாங்க... ஆமாங்க... அது வந்துங்க, உங்க லாரி டயரு முட்டையாத் தெரிஞ்சிடுச்சு... இல்லீங்க, நான் குடிக்கல.” அப்பா என்னை முறைத்தார். “டயரு இப்ப வட்டமாயிடுச்சுங்க. நாயும் நல்லா இருக்கு... இல்லீங்கம்மா, சத்தியமாக் குடிக்கல. ஃபேக்டரியில கணக்கெழுதுற கிராணிகிட்ட வேணும்னா கேட்டுப் பாருங்க.”

அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா நீண்டநேரம் பேசினார். அப்பாவின் காது சிவந்தது. அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. ஒருநாள் வேண்டாம், மறுநாள் டயர் என்றால் யார்தான் பொறுப்பார்கள்? கடைசியில், மகன் நேரில் வந்து பார்க்கிறேன் என்கிறான், பார்த்துவிட்டு அவன் என்ன சொல்கிறானோ அதுதான் முடிவு, இனி ஃபோனில் பேச்சு வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

இதைக் கேட்டதும் அத்தையின் முகம் விழுந்துவிட்டது. எதற்குப் பயந்து தட்டு அனுப்பினாரோ அதுவே இப்போது மலை ஏறி வருகிறது. “படத்துல பாத்துப் புடிச்சிருக்குன்னாங்க. நேர்ல பாத்தா வேற மாதிரிதான் சொல்லுவாங்க, அண்ணி. மூணு பேரு சொல்லலையா?” என்றார் அம்மாவிடம். இந்தத் தடவை வேண்டாம் என்று கேட்டால் அத்தைக்கு அது நாலாவது தடவை மாதிரி இருக்காது, அதுதான் முதல் தடவை மாதிரி வலிக்கும் என்று எனக்கும் புரிந்தது. ஏனென்றால் இந்தத் தடவைதான் அத்தைக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வாடகைக் காடி ஒன்று வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா வாயில் துண்டை வைத்துக்கொண்டு இறங்கினார். பின்னால் மாப்பிள்ளை, வாந்தி வராமலிருக்கச் சப்பும் ‘ஆசாம் போய்’ என்ற புளிப்பு உலர்பழப் பொட்டலத்தோடு. நாலு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா யாரோடும் பேசவில்லை. அப்பா வானிலையைப் பற்றிப் பேசினார். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் மழை அதிகம் என்றார். பிறகு மறுபடியும் அதையே சொன்னார்.

அத்தை தட்டில் தேநீர் எடுத்துக்கொண்டு வந்தார்.

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். தட்டைப் பார்த்தார். மறுபடி அத்தையைப் பார்த்தார். அவருடைய நெற்றி சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை நாங்கள் ஏற்கெனவே மூன்று முறை பார்த்திருக்கிறோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தட்டோடு வந்தவர் பாதிக் கூடத்திலேயே நின்றுவிட்டார். அத்தையும் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது.

“தப்பா நெனைக்காதீங்க,” என்றார் மாப்பிள்ளை மெதுவாக. “நடுவுல உடம்புக்கு ஏதும் முடியாமப் போச்சா?”

“இல்லீங்களே. ஏன்?” என்றார் அத்தை.

“படத்துல பாத்ததுக்கு ரொம்ப இளைச்சுப் போயிட்டீங்களே. அதான் பயந்துட்டேன்.”

இளைச்சுப் போயிட்டீங்க என்று அத்தையைப் பார்த்து இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு ஜீவன் சொன்னதில்லை. என்னால் அடக்க முடியவில்லை. “மாமா, உங்க வீட்டுல இருக்கறது அகல டிவியா?” என்று கத்திவிட்டேன்.

“ஆமா பாப்பா. தம்பி கேமராவோட சேர்த்து வாங்கினான். இவ்ளோ அகலம்,” என்று கையை விரித்துக் காட்டினார். “உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க வீடியோக்காரரு எடுத்தது சதுரப் படம் மாமா! உங்க டிவி அதை ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்திருக்கு. அத்தையை இன்னும் அகலமாக் காட்டியிருக்கு!”

பெரியவர்களுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. முதலில் அப்பாவுக்குப் புரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டார். அத்தைக்குப் புரிந்ததும் அவர் தட்டை மேசைமேல் வைத்துவிட்டார். கதவுக்குப் பின்னால் போய் நிற்கவேண்டியவர், போகவில்லை.

“அப்படீன்னா நீங்க பாத்தது, இதைவிடக் குண்டாவா?”

“குண்டுன்னு நான் எங்கங்க சொன்னேன்?” மாப்பிள்ளைக்குக் காது வரைக்கும் சிவந்தது. “நல்லா இருந்தீங்க. கோயில் மணி அடிக்கும்போது சிரிச்சீங்கல்ல, அதையே நாலஞ்சு தடவை பாத்தேன். அம்மாதான் தட்டு தேஞ்சுரும்னு திட்டினாங்க.”

மாப்பிள்ளையின் அம்மா துண்டை வாயிலிருந்து எடுத்து, “ஆறு தடவை” என்றார். மலை ஏறியபின் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அத்தை சிரித்தார். கண் இரண்டும் மூடிக்கொண்டன. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்காமல் சிரித்தார். “நான் உங்களை ஆறடின்னு நெனைச்சுதாங்க வேணாம்னு சொல்லிட்டேன்.”

“இப்ப?” என்றார் அவர்.

“இப்ப சரியா இருக்கீங்க. டீ ஆறுது, குடிங்க.”